மூன்று நாள் விடுமுறைக்கு எந்த லாக்? லோமண்டின் கிழக்குக் கரை, ஆரக்கர், டே

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டு மூன்று நாளில் ஒரு மலையும் இரண்டு மூன்று ஏரிக்கரை ஊர்களும் பார்க்க நினைப்பவர்களுக்கு மூன்று இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: லாக் (ஏரி) லோமண்டின் கிழக்குக் கரை, அதற்கு மேற்கே ஆரக்கர்–டார்பெட், வடக்கே தள்ளி லாக் டே. பெரும்பாலோர் மலையின் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதைவிட இரண்டு கேள்விகள் முக்கியம். அடிவாரத்துக்கு எதில் போய் எதில் திரும்பப் போகிறீர்கள்? முகட்டை மேகம் மூடிக்கொண்டால் அந்த நாளை எப்படிக் கழிப்பீர்கள்? இந்த மலைகளில் இரண்டாவது கேள்வி அடிக்கடி எழும்.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் கோடை வங்கி விடுமுறை (பொது விடுமுறை நாள்) ஆகஸ்ட் முதல் திங்கள், இங்கிலாந்தில் கடைசித் திங்கள். நெரிசலும் அதற்கேற்ப மாறும்.

கிழக்குக் கரை: பால்மஹா, ரோவர்டென்னன்

பென் லோமண்ட் 974 மீட்டர். 3,000 அடியைத் தாண்டிய 282 'மன்ரோ' மலைகளில் தெற்கே கடைசியாக நிற்பது இதுதான். ரோவர்டென்னனிலிருந்து ஏறி இறங்க 12 கி.மீ. நெய்ஸ்மித் கணக்கு என்று ஒன்று உண்டு: 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அதன்படி தூரத்துக்கு 2 மணி 24 நிமிடம், சுமார் 960 மீட்டர் ஏற்றத்துக்கு 1 மணி 36 நிமிடம், ஆக நான்கு மணி. நிற்காமல் நடப்பவருக்குத்தான் இது பொருந்தும். முதல் முறை வருபவர்கள் ஆறு மணி ஒதுக்குவது நல்லது.

பாதை அகலமானது, வழி தவறுவது அரிது. சிக்கல் உச்சியில்தான்: வடகிழக்குப் பக்கம் நிலம் சட்டென்று செங்குத்தாக இறங்குகிறது. பனி உறைந்திருக்கும் மாதங்களில் விளிம்பருகே போகாதீர்கள். வந்த வழியே இறங்காமல் டார்மிகன் முகட்டு வழியே இறங்கினால் காட்சி அருமை, ஆனால் அது கரடுமுரடு, செங்குத்து. கண் மறைக்கும் மூடுபனியிலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அது வேண்டாம்.

இந்தக் கரையின் பெரிய தொல்லை சாலை. பால்மஹாவைத் தாண்டி ரோவர்டென்னன் வரை சுமார் 11 கி.மீ., குறுகல், வளைவு, அங்கேயே முடிந்துவிடும். விடுமுறை நாளில் கார் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பும். இடமில்லை என்று புல் ஓரத்தில் விட்டால் ஆம்புலன்ஸுக்கே வழி அடைபடும். எட்டு மணிக்குள் வர முடியாதவர்கள் இந்த மலையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மேகம் இறங்கிய நாளுக்கு இந்தக் கரைதான் சிறந்தது. பால்மஹாவிலிருந்தே ஏறும் கோனிக் ஹில் 361 மீட்டர்தான், இரண்டரை மணியில் போய்வரலாம். மேலே நின்று பார்த்தால் ஏரியில் தீவுகள் ஒரே கோட்டில் வரிசை கட்டி நிற்கும். தாழ்நிலமும் ஹைலேண்ட்ஸ் மலைநாடும் சந்திக்கும் நிலப்பிளவு அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. கீழே படகுத்துறையிலிருந்து இன்ச்கைலாக் தீவுக்குச் சில நிமிடப் பயணம். மே மாதத்தில் அங்கே ஓக் மரங்களின் அடியில் நீலமணிப் பூக்கள் விரிந்து கிடக்கும்.

கூடாரம் போடுபவர்கள் கவனிக்க: மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை இந்தக் கரையின் பெரும்பகுதியில் முன் அனுமதி வேண்டும்.

ஆரக்கர்–டார்பெட்

கார் இல்லாதவர்கள் யோசிக்கவே வேண்டாம், இங்கே போங்கள். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மணியில் 'ஆரக்கர் அண்ட் டார்பெட்' நிலையம். இரண்டு ஊர்களும் நடை தூரம். டார்பெட் லோமண்ட் எனும் நன்னீர் ஏரியின் கரையில் இருக்கிறது. ஆரக்கர் இருக்கும் லாக் லாங், நிலத்துக்குள் நீண்ட கடலின் கை. அலை வற்றும்போது கரையில் கடற்பாசி வாடை வரும். ஸ்காட்லாந்தில் இரண்டையும் 'லாக்' என்றே சொல்வார்கள். டார்பெட் என்ற பெயரே படகுகளை நிலத்தின் மேல் இழுத்துச் செல்லும் இடத்தைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல். 1263-ல் நார்வே மன்னர் ஹோகனின் படையினர் கப்பல்களை இந்த நிலத்துண்டின் மேல் இழுத்துப்போய் லோமண்டில் இறக்கிக் கரையூர்களைச் சூறையாடினார்கள்.

இங்குள்ள மலை காப்ளர், 884 மீட்டர். மன்ரோ கணக்கில் சேராது, ஆனாலும் இந்த மூன்றில் அழகானது இதுதான். ஏறி இறங்க சுமார் 11 கி.மீ., ஐந்து முதல் ஆறு மணி. மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஏறி, ஓடையைப் பிடித்துப் போனால் நார்னைன் பாறைகள் எனும் இரண்டு பெரும் பாறைகள் வரும். அதைத் தாண்டிப் பாதை பிரியும் இடத்தில் இடது பக்கம் நேரே செங்குத்து. பள்ளத்தாக்கிலேயே தொடர்ந்து போய், வடக்குப் பக்கமாகக் கற்படிகளில் ஏறுவது சுலபம்.

உச்சி என்று எல்லோரும் நிற்கும் இடம் உண்மையான உச்சி அல்ல. அதன் பக்கத்தில் ஒரு தனிப் பாறைத்தூண், நடுவில் ஓட்டை. அதற்குள் நுழைந்து மறுபுறம் ஒடுக்கமான பாறை விளிம்பில் கால் வைத்து, அதன் வழியே நகர்ந்து தூணின் தலைக்கு ஏற வேண்டும். கீழே வெறும் காற்று. 'ஊசியில் நூல் கோப்பது' என்று பெயர். பாறை அபிரகம் கலந்தது, நனைந்தால் வழுக்கும். ஏறுவதைவிட அதே விளிம்புக்குக் கால் தேடி இறங்குவதுதான் கஷ்டம், பலர் உறைந்து நிற்பது அப்போதுதான். ஈரமிருந்தால் ஓட்டையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புங்கள். மலை ஏறிய கணக்கில் ஒரு குறையும் வராது.

லஸ் கிராமம் டார்பெட்டிலிருந்து பேருந்தில் அருகில். கல் வீடுகள், படகுத்துறை, தேவாலய முற்றத்தில் வைக்கிங் காலக் கல்லறைக்கல். அழகான ஊர்தான், ஆனால் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிந்துவிடும். விடுமுறை மதியத்தில் கூட்டம் தாங்காது. தங்க ஆரக்கரே மேல்.

லாக் டே: கில்லின், கென்மோர்

இங்கே ரயில் இல்லை. கில்லின் பாதை 1965-லேயே மூடப்பட்டது. பேருந்தும் குறைவு, எனவே கார் கட்டாயம். கார் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

பென் லாயர்ஸ் 1,214 மீட்டர், ஆனால் கார் நிறுத்துமிடமே சுமார் 400 மீட்டர் உயரத்தில். 1,103 மீட்டர் பென் க்ளாஸைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆக ஒரே நடையில் இரண்டு மன்ரோ. சுமார் 10.5 கி.மீ. திரும்பும்போது பென் க்ளாஸை மறுபடி ஏறாமல் அதன் வடக்குச் சரிவில் சுற்றிவரும் பாதையைப் பிடித்தால் கால் தப்பிக்கும். தொடக்கத்தில் வேலியிட்ட பகுதியைக் கவனித்துப் பாருங்கள்: ஆடும் மானும் புகாததால் உள்ளே பிர்ச்சும் வில்லோவும் வளர்ந்து நிற்க, வெளியே மொட்டைப் புல்.

ஏரிக்கரையைவிட உச்சியில் ஏழெட்டு டிகிரி குறையும், காற்று தனி. மே மாதத்திலும் கையுறை எடுங்கள்.

மழை நாளில் கில்லினின் டோக்கர்ட் அருவி இன்னும் நன்றாக இருக்கும். ஊர் நடுவே பாறைகளில் உடைந்து ஓடும், பாலத்தில் நின்றே பார்க்கலாம். சுமார் 27 கி.மீ. தள்ளிக் கென்மோர். அருகில் ஏரிமேல் தூண்வீடுகளைப் பற்றிய கிரானாக் மையம் 2021-ல் எரிந்து, 2024-ல் எதிர்க்கரையில் மீண்டும் திறந்தது.

மூன்று இடத்துக்கும் பொதுவானது மிட்ஜ் எனும் கடிக்கும் சிறு பூச்சி. கோடையில் காற்று நின்ற மாலைகளில் கரையோரம் மொய்க்கும், மெல்லிய காற்று வீசினாலே பறக்காது. இரவு உணவுக்கு வெளியே உட்காருவதானால் காற்று படும் மேட்டைத் தேடுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறத்திலும் இடுப்புப் பட்டையிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.