வேலைச் சட்டம் மாறும்போது எதை நம்புவது? ஒரு சிறு உணவகத்தின் நீண்ட நாள் அனுபவம்

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் இருபது பேர் வேலை செய்யும் ஓர் இந்திய உணவகத்தில் சம்பளக் கணக்கும் ஆள் விவகாரங்களும் என் பொறுப்பு. 2016 ஏப்ரலில் சம்பளச் சீட்டும் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுதிக் கொடுப்பதும் கட்டாயமானதிலிருந்து, சட்டம் எங்கே மாறுகிறது என்று கவனிப்பதும் என் வேலைதான். இத்தனை ஆண்டுகளில் சம்பள மென்பொருள், மனிதவள அமைச்சின் மின்னஞ்சல் செய்திகள், முதலாளிகளின் வாட்ஸ்அப் குழு என்று எல்லாவற்றையும் பயன்படுத்திவிட்டேன். மூன்றுக்கும் நான் ஒரே மதிப்பெண் கொடுக்கமாட்டேன்.

மென்பொருளின் பெயர் வேண்டாம். எண்களில் அதைக் குறை சொல்ல முடியாது. ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு (சிபிஎஃப்) சந்தா கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,300 வெள்ளி, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026இல் 8,000 என்று ஏறியது. ஒவ்வொரு முறையும் சரியான மாதத்தில் மென்பொருள் தானாகவே மாற்றிக்கொண்டது. 55 வயதைத் தாண்டியவர்களின் சந்தா விகிதமும் அப்படித்தான். இதைக் கையால் செய்திருந்தால் ஜனவரி மாதம் முழுவதும் தலைவலிதான்.

ஆனால் சட்டம் எப்போதும் எண்ணாக வருவதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் தந்தையருக்கான விடுப்பு நான்கு வாரம். அதுவரை முதலாளியின் விருப்பமாக இருந்த கூடுதல் இரண்டு வாரமும் கட்டாயம். எங்கள் பரிமாறும் பையன் ஒருவன், “அக்கா, எனக்கு ரெண்டு வாரந்தான் காட்டுது, மீதிக்கு முதலாளி ஒத்துக்கணுமாம்” என்று கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினான். பிள்ளை பிறந்தது மே மாதத்தில். விதிப்படி பார்க்கவேண்டியது பிள்ளை பிறந்த தேதி. அது ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு என்றால், மற்ற தகுதிகளும் இருக்கும்போது, நான்கு வாரமும் அவனுக்கு உரியது. மென்பொருளோ பழைய விதியையே வைத்திருந்தது. மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதி, பதில் வந்து, திருத்தம் வருவதற்குள் மாதம் ஓடிவிட்டது. நான் அமைச்சின் பக்கத்தை அச்சிட்டு முதலாளியிடம் காட்டி அன்றே விடுப்பைக் கொடுக்க வைத்தேன். கேட்கத் தெரிந்த பையன், கேட்டான். கேட்கத் தயங்குபவன் இரண்டு வாரத்தோடு திரும்பி வந்திருப்பான். எனக்கு இதில்தான் கோபம்.

வாட்ஸ்அப் குழுவில் செய்தி வேகமாக வரும், பாதிதான் வரும். 2023இல் ‘இந்தியாவிலிருந்து சமையல்காரர்களை வேலை அனுமதியில் எடுக்கலாம்’ என்று எல்லாரும் பகிர்ந்தார்கள். உண்மைதான், செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களுக்கு அந்த வழி திறந்தது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டுக்குள் என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்தப் பகிர்வுகளில் இல்லை. எங்கள் அளவுக்கு அது ஒரே ஓர் ஆள்! மூன்று பேரை எடுக்கலாம் என்று முதலாளி கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மனிதவள அமைச்சின் மின்னஞ்சலும் இணையத்தளமும்தான் நான் முழுதாக நம்புவது. இலவசம். விடுமுறை நாளில் வேலை செய்தால் எவ்வளவு, மாதத்தின் நடுவில் சேர்ந்தால் எவ்வளவு என்று பார்க்கக் கணிப்பான்களும் உண்டு. பழைய பிரச்சினை ஏதாவது வந்தால் சிங்கப்பூர்ச் சட்டங்களின் அரசாங்க இணையத்தளத்துக்குப் போவேன். குறிப்பிட்ட ஒரு தேதியில் சட்டம் எப்படி இருந்தது என்று அங்கே பார்க்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் கடினம், பழகிவிடும்.

இவ்வளவு நாள் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: செய்தி கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. அது நம் கடையில் யாருக்கு, எந்தத் தாளில், எந்தத் தேதியிலிருந்து என்று பொருத்திப் பார்ப்பதுதான் வேலை. ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64. அது 1963 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. அதைப் படித்ததும் நான் செய்யவேண்டியது, தோசைக்கல் முன்னால் நிற்கும் அண்ணனின் பிறந்த தேதியைப் பார்ப்பது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு (வேலை நேரம், இடம் போன்றவற்றில் மாற்றம்) கேட்பவருக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்ற 2024 டிசம்பர் வழிகாட்டியும் அப்படியே. யார் கேட்டார், எப்போது கேட்டார் என்று குறித்துவைக்க எங்களிடம் ஓர் ஏடு வேண்டியிருந்தது. எந்த மென்பொருளும் அதைச் சொல்லவில்லை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டத்தில், 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதலில் விலக்கு இருக்கிறது. எங்கள் முதலாளி நிம்மதியடைந்தார். நியாயமான வேலை நடைமுறைக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டிகள் சிறிய கடைக்கும் உண்டு என்று அன்றே சொல்லிவிட்டேன். வேலை விளம்பரத்தில் வயது, இனம் எழுதக்கூடாது என்பது எங்களுக்கும்தான்.

இந்த ஆண்டு மென்பொருள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கணக்குப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டோம். ‘சட்ட அறிவிப்பு’ என்று தனியாக வாங்கிக்கொண்டிருந்த மாதக் கட்டணத்தை நிறுத்தியாயிற்று. அதற்குப் பதில் ஒரு எக்செல் தாள்: அமலுக்கு வரும் தேதி, யாருக்குப் பொருந்தும், எந்தப் படிவத்தை மாற்றவேண்டும், மாற்றியாயிற்றா. சம்பளம் போடும் நாளில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.