வகுப்பில் பியானோவா, இரவில் பெரிய இசைக்குழுவா: இரண்டு நடன வார இறுதிகள்

அடுத்த வசந்தத்துக்கான இரண்டு விண்ணப்பப் படிவங்கள் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. இரண்டும் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் வார இறுதிகள். வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. சனி காலையும் ஞாயிறு காலையும் வகுப்பு. வெள்ளி இரவு சாதாரண ஆட்டம். சனி இரவு நல்ல உடை உடுத்திப் பெரிய நடனம். இரண்டு படிவங்களிலும் ‘நேரடி இசை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒவ்வொரு முறை போயிருக்கிறேன். இம்முறை ஒன்றுக்குத்தான் விடுப்பும் பணமும் இருந்தன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டிவிட்டேன். காரணம், அந்த இரண்டு சொற்கள் இரண்டு இடங்களிலும் ஒரே பொருளைத் தரவில்லை.

முதலாவது ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் ஒரு பழைய ஹோட்டலில் நடப்பது. சனி இரவுக்கு ஐந்து பேர் கொண்ட, பலரும் தேடிப் போய் ஆடும் இசைக்குழு: இரண்டு அக்கார்டியன், ஒரு பிடில், பியானோ, டிரம்ஸ். காலை வகுப்புகளுக்கோ பதிவு இசை. இரண்டாவது, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் ஒரு தங்கும் விடுதியில் நடப்பது. இரவுக்கு மூன்று பேர் மட்டுமே. ஆனால் மூன்று நிலை வகுப்புகளிலும் ஆசிரியர் பக்கத்தில் ஓர் இசைக்கலைஞர் இருப்பார்.

இந்த நடனத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருமண வீடுகளில் ஒருவர் கூவிச் சொல்லிக்கொண்டே இருக்க, கூட்டமாக ஆடும் ‘கெய்லி’ (ceilidh) நடனம் வேறு, இது வேறு. 1923-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய சங்கம், அழிந்துகொண்டிருந்த நடனங்களைத் தொகுத்து, அடிகளுக்கு ஓர் ஒழுங்கு கொடுத்து, இன்றுவரை கற்பித்து வருகிறது. பெரும்பாலும் நான்கு ஜோடிகள் எதிரெதிர் வரிசையில் நிற்பார்கள்; இதுதான் ஒரு ‘செட்’. 32 பார் (இசையின் தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு நடனம் எட்டு முறை திரும்ப வரும். ஒவ்வொரு ஜோடியும் இருமுறை தலைமை ஏற்று ஆடி முடிக்கும். துள்ளலான ஜிக், வேகமான ரீல், நிதானமான ஸ்ட்ராத்ஸ்பே என மூன்று வகை. எட்டுச் சுற்று ரீல் ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்ட்ராத்ஸ்பே என்றால் எட்டு நிமிடத்துக்கும் மேல்.

அறை, சாப்பாடு இரண்டிலும் ஹோட்டலே மேல். விலையும் அதற்கேற்ப அதிகம். விடுதியில் அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. தளம் இரண்டு இடத்திலும் மரம்தான், முழங்காலுக்குக் கெடுதல் இல்லை. தனியாகப் போகலாமா என்ற தயக்கம் வேண்டாம். ஒவ்வொரு நடனத்துக்கும் ஜோடி மாறுவதே வழக்கம். யாரும் யாரையும் அழைக்கலாம்.

பெர்த்ஷயருக்கு உரிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சனி இரவை நான் மறக்கவே மாட்டேன். நிகழ்ச்சி நிரலில் 51-ஆம் படைப்பிரிவின் ரீல் இருந்தது. 1940 ஜூனில் பிரான்சின் சென் வலேரியில் சிறைபிடிக்கப்பட்ட ஹைலேண்ட் வீரர்கள், பவேரியாவில் லாஃபன் முகாமில் உருவாக்கிய நடனம் அது. ஆடுபவர்கள் கைகோத்து மூலைவிட்டமாக நீளும்போது ஸ்காட்லாந்துக் கொடியின் புனித ஆண்ட்ரூ சிலுவை தரையில் விழும். நடனத்துக்கு உரிய மெட்டில் தொடங்கிய குழு, சுற்றுக்குச் சுற்று வேறு மெட்டுகளுக்குத் தாவியது. கடைசிச் சுற்றில் முதல் மெட்டு திரும்பி வந்ததும் கூடம் முழுக்க ஒரு குரல் எழுந்தது. முடிந்தும் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. கைதட்டல் ஓயாததைப் பார்த்து அக்கார்டியன்காரர் தலையசைத்தார்; மறுபடி ஆடினோம். விடுதியின் மூவர் குழுவால் இதைத் தர முடியாது. டிரம்ஸ் இல்லாத குறை பின்வரிசையில் நின்றால் நன்றாகவே தெரியும்.

ஆனால் நான் போனது ஆடுவதற்கு மட்டும் அல்ல, கற்றுக்கொள்ளவும்தான். அங்கேதான் கணக்கு மாறுகிறது.

பெர்த்ஷயர் வகுப்பில் ஆசிரியர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். ஆனால் அவருடைய பாதி நேரத்தைப் பதிவு இசையை ஒலிக்கும் கருவி தின்றது. நடனத்தின் 17-ஆவது பாரிலிருந்து 24-ஆவது பார் வரை எங்களுக்குச் சிக்கலாக இருந்தது. அந்த எட்டு பார் மட்டும் வேண்டும். பதிவிலோ தொடக்கத்தில் வணக்கத்துக்கான ஒலி, பிறகு முதல் பாரிலிருந்து எல்லாம் வரிசையாக. கூடத்தின் மூலைக்கு நடந்து போவார், தேடுவார், தாண்டிவிடும், பின்னால் இழுப்பார். அதற்குள் உடம்பு ஆறிவிடும். கடைசியில் அலுத்துப்போய், இசையே இல்லாமல் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிச் சொல்லித் தந்தார். நாங்களும் எண்ணியே கற்றோம். இரவில் குழு வாசித்தபோதும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டேதான் ஆடினேன். மெட்டு காதில் விழுந்ததே தவிர காலுக்கு இறங்கவில்லை. இந்த நடனத்தில் ஆட்டத்தின் ஒவ்வோர் உருவமும் மெட்டின் எட்டு பார் வாக்கியத்தோடு தொடங்கி வாக்கியத்தோடு முடிகிறது. வாக்கியம் முடியப் போவதை மெட்டே சொல்லும். எண்ணுகிறவருக்கு அது கேட்பதில்லை.

வேகத்தைக் குறைத்து ஒலிக்கச் செய்யும் மென்பொருள் இப்போது இருக்கிறது, சுருதியும் மாறாது என்பார்கள். உண்மைதான். என் வாராந்தர வகுப்பில் அதைத்தான் பயன்படுத்துகிறோம், பயனும் உண்டு. ஆனால் அது என் காலைப் பார்ப்பதில்லை.

விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். சனி காலை, நடுநிலை வகுப்பு. பியானோவில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. முதுகைக் காட்டி உட்காராமல், எங்கள் பாதங்கள் தெரியும்படி இருக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பாடம் ஸ்ட்ராத்ஸ்பே நடை: ஓரடி வைத்து, பின்காலைச் சேர்த்து, மறுபடி ஓரடி வைத்து, பின்காலைத் தரையை ஒட்டியே மெதுவாக முன்னே இழுத்து வர வேண்டும். அந்த இழுப்பு எனக்கு வரவே வராது. கால் அவசரப்பட்டு முன்னால் வந்து விழுந்துவிடும். ஸ்ட்ராத்ஸ்பே மெட்டில் ஒரு குட்டிச் சுரம் வெடுக்கென்று முன்னால் விழும், அதன் பின்னால் நெடுஞ்சுரம் நீளும். மூன்றாம் முறை சுற்றி வரும்போது, அந்த நெடுஞ்சுரத்தை அவர் ஓர் இழை கூடுதலாகத் தாங்கிப் பிடித்தார். என் கால் அதன்மேல் சாய்ந்துகொண்டு வந்தது. அதற்கடுத்த சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, பழைய காலப்பிரமாணத்துக்கே எங்களைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார். இடைவேளையில் அவரே சொன்ன பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

பரதநாட்டிய வகுப்பில் தட்டுக்கழியோடு எதிரே உட்கார்ந்து, ஆடும் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தே தட்டும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது அதைத்தான்.

‘கடைசி எட்டு பார்’ என்று ஆசிரியர் சொல்லி முடிப்பதற்குள் விரல்கள் அங்கே இருக்கும். ஒரு செட் குழம்பினால் அந்த எட்டு பாரையே மறுபடி வாசித்து, நாங்கள் நேராகும்வரை காத்திருப்பார். பேச்சு குறைந்தது, ஆட்டம் கூடியது. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று நடனங்களை முழுமையாக ஆடி முடித்தோம். பெர்த்ஷயரில் அதே நேரத்தில் ஒன்றரை நடனம்தான். ஊர் திரும்பி என் வியாழக்கிழமை வகுப்பில் பதிவு இசைக்கு ஆடியபோதும் அந்த நெடுஞ்சுரம் எங்கே வரும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது. பெர்த்ஷயருக்குப் போய் வந்த பிறகு என் ஸ்ட்ராத்ஸ்பே நடை போனபடியேதான் இருந்தது.

இரண்டும் வேண்டும் என்றால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் இருக்கிறது. 1923-இல் தொடங்கிய அந்தச் சங்கம் 1927 முதல் அங்கே நடத்திவரும் கோடைப் பள்ளியில் வகுப்பிலும் இசைக்கலைஞர் உண்டு, மாலையில் நல்ல குழுக்களும் உண்டு. ஒரு முறை போனேன், எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது வார இறுதி அல்ல, முழு வாரம். நான்காம் நாள் என் கெண்டைக்கால்கள் மறுத்துவிட்டன. ஒரு வார விடுப்பும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அதே சங்கம் பிட்லாக்ரியில் நடத்தும் குளிர்காலப் பள்ளிக்கு இன்னும் போனதில்லை என்பதால் அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை.

இன்னோர் இடத்திலும் என் சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு வார இறுதிகளுக்கும் நான் போனபோது ஏற்கெனவே மூன்றாண்டுப் பழக்கம் இருந்தது. நேற்றுத்தான் தொடங்கியவருக்கு வகுப்பில் பியானோ இருப்பது இதே அளவு உதவுமா, அல்லது பெரிய குழுவோடு ஓர் இரவு ஆடும் உற்சாகம்தான் அவரை இதில் நிலைக்க வைக்குமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அடிகள் எல்லாம் ஏற்கெனவே படிந்துவிட்டவர், வகுப்பைக் காலை நேரப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவர் என்றால் தயங்காமல் பெர்த்ஷயருக்குப் போகலாம்.

மற்றவர்கள் பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ‘நேரடி இசை உண்டா’ என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். ‘என் நிலை வகுப்பில், சனி, ஞாயிறு இரண்டு நாள் காலையிலும், யார் வாசிக்கிறார்?’ என்று கேளுங்கள். சில இடங்களில் மேல்நிலை வகுப்புக்கு மட்டும் பியானோவைக் கொடுத்துவிட்டு மற்ற அறைகளில் பதிவு இசைக் கருவியை வைத்துவிடுகிறார்கள். நான் கேட்டேன். எல்லைப்புற விடுதியிலிருந்து அன்று மாலையே பதில் வந்தது: நடுநிலை வகுப்புக்குப் போன முறை வாசித்த அதே பெண்மணிதான்.