பிராகா, பில்சனா: எந்த பியர் சுற்றுலா?

செக் நாட்டின் பிராக் நகரில் வழிகாட்டியோடு பப் பப்பாகப் போவதா, பில்சன் நகருக்கு ரயிலேறி பியர் ஆலையையே பார்ப்பதா?

நேரம்: பிராகில் ஒரு சாயங்காலம் போதும். பில்சன் சுமார் 90 கி.மீ. தூரம், ஒரு பகல் போய்விடும்.

செலவு: பிராகில் வழிகாட்டிக் கட்டணம் கையைக் கடிக்கும். பில்சனில் நுழைவுச்சீட்டு மலிவு; ரயில் செலவு தனி.

சுவை: பிராகில் வகை அதிகம். 1499 முதல் இயங்கும் ‘உ ஃப்ளெக்கூ’ என்ற பப்பின் கறுப்பு பியரை விடாதீர்கள். பில்சனில் ஒரே பியர்தான், 1842இல் பிறந்த பில்ஸ்னர். ஆனால் நிலவறைக் குளிரில், ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் அப்படியே பிடித்துத் தருவார்கள். லேசாகக் கலங்கி, நுரை தடித்து, கசப்பு நாக்கில் நிற்கும். பாட்டிலில் அந்த ருசி வரவே வராது. ஸ்வெட்டர் அவசியம்.

ஊருக்குப் புதிது, பேச்சுத்துணை வேண்டும் என்றால் பிராக். பியர் உருவாகும் விதத்தில் ஆர்வமிருந்தால் யோசிக்கவே வேண்டாம், பில்சன்தான்.