போன் பிளிட்ஸா, ஞாயிறு ராபிடா, கிளாசிக்கலா? சேலத்து ஆட்டக்காரருக்கு எது உதவும்

வேலைக்குப் போய்க்கொண்டே செஸ் போட்டிகளில் ஆடுகிறவருக்கு வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதைப் போனில் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆடித் தீர்க்கலாம், பக்கத்து ஊரில் ஒரே நாளில் பல ரவுண்டு ஆடும் ராபிட் போட்டிக்குக் கொடுக்கலாம், இல்லை லீவு சேர்த்து, ஒரு ஆட்டமே மணிக்கணக்கில் ஓடும் கிளாசிக்கல் ஓபன் போட்டிக்குப் போகலாம். மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: எந்த இடத்தில் எப்படி யோசித்தோம் என்று ஆட்டம் முடிந்தபின் பார்க்க ஏதாவது மிஞ்சுகிறதா?

பிளிட்ஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லிசெஸ் என்ற செஸ் தளத்தில் காசில்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். புதிதாகப் படித்த காரோ-கான் ஓபனிங்கை (ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறை) ஒரே ராத்திரியில் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மூன்று நிமிட ஆட்டத்தில் நகர்த்தல்கள் மட்டும்தான் பதிவாகும். யோசனை இருந்தால்தானே அது பதிவாக? ஏற்காடு பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்த் தோற்பதெல்லாம் தனிக் கணக்கு.

ராபிட் ஒரு படி மேல். சேலத்திலோ நாமக்கல், ஈரோடு, தர்மபுரியிலோ ஒரு பள்ளி அரங்கில் நடக்கும். காலையில் போய் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். நிஜமான போர்டு, தொட்ட காயை ஆட வேண்டிய கட்டாயம், ஜெயிக்கிற நிலையில் "அண்ணா, டிராவா?" என்று கேட்கும் பொடியன் என்று, போனில் கிடைக்காதது எல்லாம் உண்டு. ஆனால் ராபிடில் நகர்த்தல்களை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ரவுண்டுகளுக்கு நடுவே சாப்பிட்டுவிட்டு அடுத்த போர்டைத் தேடி ஓடினால், வீடு திரும்பும்போது நினைவில் நிற்பது கோட்டைவிட்ட ஆட்டம் மட்டும்தான். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் குழப்பமான ஒரு நிலையையாவது நோட்டில் குறித்து வைப்பவருக்குத்தான் ராபிடால் பயன்.

கிளாசிக்கல் வேறு உலகம். 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 வினாடி கூடுதல் என்றால் 60 நகர்த்தல் ஆட்டம் நாலு மணி நேரம் இழுக்கும். 30 வினாடி கூடுதல் இருப்பதால் நகர்த்தல்களைக் கடைசிவரை தாளில் எழுதியே ஆக வேண்டும். அந்தத் தாளில் நகர்த்தலோடு கடிகார நேரத்தையும் எழுத ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதி அனுமதிக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. நான்கைந்து நகர்த்தலுக்கு ஒருமுறை மிச்ச நிமிடத்தைக் குறித்தாலே போதும். 14ஆவது நகர்த்தலுக்கு 25 நிமிடம் செலவழித்துவிட்டு, 30ஆவதை அரை நிமிடத்தில் ஆடிக் காயை இழந்த கதை வீட்டில் அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதை எந்த எஞ்சினும் (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் நிரல்) சொல்லாது.

செலவு என்னவோ அதிகம்தான். கோவை பக்கம் என்றாலும் பல நாள் போட்டிக்கு லாட்ஜ் போட வேண்டும். சென்னை என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடிவதற்குள் இறங்கலாம், லீவுக்குத்தான் வழி தேட வேண்டும். அப்புறம் ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி, குறையுமே என்ற பயம். 1600 உள்ள பெரியவர் 1500 உள்ள சிறுவனிடம் தோற்றால், அவருடைய கே எண் (ஒரு ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிப்பது) 20 என்பதால் ஏறக்குறைய 13 புள்ளி போகும். 18 வயதுக்குட்பட்டோருக்குக் கே எண் 40, அதனால் சிறுவனுக்கு 26 ஏறும். அவன் உண்மையான பலம் ரேட்டிங்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும், நாம் அதற்கு வரி கட்டுகிறோம். பரவாயில்லை. 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்தவர்களை ஃபிடே மொத்தமாக ஏற்றிவிட்டபோது 1200 ஒரே நாளில் 1520 ஆனது. அன்று யாருடைய ஆட்டமும் முன்னேறவில்லை.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எஞ்சினில் போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். முதல் மாலை வேண்டாம். எதை எண்ணி ஆடினோம், எதிராளியின் எந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை என்று நீங்களே எழுதுங்கள், மறுநாள் எஞ்சினைத் திறங்கள். குகேஷையே அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா நெடுங்காலம் எஞ்சின் இல்லாமல்தான் வளர்த்தார். பயிற்சியாளரிடம் போவதானாலும் எழுதிய தாளோடு போனால்தான் கொடுக்கிற கட்டணத்துக்குப் பலன். வெறுங்கையோடு போனால் அவர் ஏதாவது ஓபனிங் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்.

ஓபனிங்கைவிட, காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டமான எண்டுகேமுக்கு நேரம் கொடுப்பது லாபம் என்பதும் இந்தத் தாள்களில்தான் தெரியும். ரூக் எண்டிங்கில் லூசேனா (ஜெயிக்கும் வழி), ஃபிலிடோர் (டிரா செய்யும் வழி) என்ற அடிப்படை நிலைகள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடத் தெரிந்தால் அரைப் புள்ளிகள் பல மிஞ்சும். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ரூக்கைத் தவறான கட்டத்தில் வைத்தார். ரூக்கும் பிஷப்பும் வெட்டுப்பட்டன. சிப்பாய் எண்டிங்கில் பட்டம் குகேஷுக்கு வந்தது.

ஆக, வருடத்துக்கு இரண்டு மூன்று கிளாசிக்கல், நடுவில் ராபிட், பிளிட்ஸ் ஓபனிங் சோதனைக்கு மட்டும் என்பதே என் வரிசை. லீவே கிடைக்காதவர் சம பலமுள்ள ஒரு நண்பரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, தலைக்கு ஒரு மணி நேரம் வைத்து, எழுதியபடியே ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம். செஸ் கடிகாரம் இல்லையென்றால் போனில் அதற்கென்று ஆப் இருக்கிறது. ஆட்டம் முடியும்வரை நெட்டை அணைத்து வையுங்கள்.