அம்பாசடரா, பத்மினியா, ஹெரால்டா? வீட்டில் பழைய கார் கட்ட நிஜமாக எவ்வளவு ஆகும்

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே சரி செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைத்தான். வேலை முடிந்து கூட்டிப் பார்த்தால் அந்த விலை மொத்தச் செலவில் கால்வாசிதான் வரும். மீதி முக்கால்வாசியை முன்கூட்டியே எவ்வளவு சரியாகக் கணிக்க முடியும் என்பதில்தான் ஒரு காருக்கும் இன்னொரு காருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது.

மதுரைப் பக்கம் நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் மூன்று வண்டிகள். அம்பாசடர் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும். பத்மினியை டாக்டர், வக்கீல், வாத்தியார் வீட்டு ஷெட்டுகளில் பார்க்கலாம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு அபூர்வம். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எப்போதாவது ஒன்று வெளியே வரும். ஓடாமல் நிற்கிற, ஆனால் ஆர்சி சரியாக இருக்கிற வண்டிக்கு நான் பக்கத்தில் நின்று கேட்ட பேரங்களை வைத்துச் சொன்னால், பத்மினி 50,000 முதல் ஒரு லட்சம் வரை, அம்பாசடர் 80,000 முதல் ஒன்றரை லட்சம் வரை. ஹெரால்டுக்கு விலை என்று ஒன்று கிடையாது. விற்கிறவருடைய அப்பா அதில் எத்தனை முறை கொடைக்கானல் போனார் என்பதைப் பொறுத்தது.

முதலில் தகரம். செலவு எகிறுவது இங்கேதான்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனியாகச் சேஸிஸ் சட்டம் இல்லை. பாடிதான் சட்டம். கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பகுதி இற்றுப்போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. அதை வெட்டி எடுக்கும் முன் கதவு வாசலில் குறுக்கே இரும்புப் பைப்பை வைத்துப் பற்றவைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் லேசாகத் தொய்யும், அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. இதில் பத்மினி ரொம்ப மோசம். ஃப்ளோர், ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடம், கதவின் அடி விளிம்பு என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அரித்திருக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும்.

வாங்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பக்கத்திலும் மட்கார்டு வளைவிலும் மெதுவாக இழுத்தால், தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி இருக்கும் இடத்தில் வழுக்கி விழும். செல்லூரில் ஒரு வயதான டிங்கர் இந்தச் சோதனைகூடச் செய்யவில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு பத்மினியைச் சுற்றி வந்தார். "தம்பி, இதுல காரு பாதி, பட்டி பாதி. பட்டிய எடுத்துட்டா நீங்க காரு வாங்கல, சல்லடை வாங்கிருக்கீங்க" என்றார். கூட வந்தவர், "அண்ணே, ஒரு பதினஞ்சு நாள்ல முடிச்சிரலாமா?" என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

அந்தப் பதினைந்து நாள்தான் மதிப்பீடு தவறும் இடம். தகரம் விலை பெரிதில்லை. டிங்கரின் நாட்கூலி, உதவியாள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய் வைத்துக்கொண்டால், அம்பாசடருக்கு இருபது நாள் போதும், 30,000 ரூபாய். அதன் தகரம் கனமானது. மேல் துருவைச் சுரண்டினால் உள்ளே உலோகம் மிச்சம் இருக்கும். பத்மினிக்கும் அதே 30,000 என்றுதான் ஆரம்பிப்போம், ஆனால் பெயின்டைச் சுரண்டச் சுரண்ட ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். 60,000, 70,000 என்று போவது சாதாரணம். ஒரு ஆறுதல், மதுரைக் காற்றில் உப்பு இல்லை. ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ நின்ற வண்டியையும் இங்கே நின்ற வண்டியையும் ஒரே விலைக்குச் சொன்னால் இங்கே நின்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டு இந்த விஷயத்தில் வேறு ஜாதி. அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடி பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், மேல்கூரைகூடக் கழன்று வரும். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். வீட்டில் இரண்டு பேர் ஸ்பானரோடு இறங்கினால் பிரித்துவிட முடிகிற கார் இது ஒன்றுதான். திரும்பப் பூட்டும்போதுதான் தெரியும் சிக்கல். கதவு இடைவெளி இந்தப் பக்கம் சரியானால் அந்தப் பக்கம் விலகும். அதைச் சரி செய்யப் பொறுமை வேண்டும், கூலிக்கு வருகிறவர்களுக்கு அது இருக்காது. சொந்தமாகச் செய்கிறவருக்கு இருக்கலாம். சேஸிஸிலிருந்து இரு பக்கமும் நீளும் கைகள் இற்றிருக்கிறதா என்று படுத்துப் பார்த்தே வாங்குங்கள்.

இன்ஜின் வேலையில் பலரும் பயப்படுவார்கள், அவ்வளவு பயம் தேவையில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட ஊர் இது. மெக்கானிக்குக்கும் லேத்துக்கும் இங்கே பஞ்சம் வந்ததில்லை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங், கிராங்க் கிரைண்டிங், வால்வு வேலை எல்லாம் உள்ளூரிலேயே முடியும்.

அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிஎம்சி என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பி-சீரிஸ் வகை. எம்ஜிஏ என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான். அதனால் உள்ளூரில் கிடைக்காத சாமான்கூட வெளிநாட்டில் கிடைக்கும். அதற்கு அவசியமே வராது என்பது வேறு விஷயம். 2014 வரை கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி, டாக்சியாகவும் அரசாங்க வண்டியாகவும் ஓடித் தீர்த்தது. ரிங் செட், பேரிங், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரு போனில் வரும். 90-களில் வந்த இசுசு 1800 இன்ஜின் வண்டி கிடைத்தால் ஓட்ட இன்னும் சுகம், ஐந்து கியர். ஆனால் பழைமைக்காக வாங்குகிறவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

பழைய அம்பாசடர் இன்ஜினில் ஒரு செலவை மட்டும் மறந்துவிடக்கூடாது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் வார்ப்பிரும்பு, வால்வு உட்காரும் இடமும் அதே இரும்பில் கடைந்தது. அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் அந்த இடம் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்துவிட்டது. நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு சீட் மெல்ல உள்வாங்கும். ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் வளையம் அடித்துவிட்டால் சில ஆயிரத்தில் முடியும். பின்னால் செய்தால் ஹெட்டைக் கழற்றும் கூலி இன்னொரு முறை.

பத்மினியின் 1089 சிசி ஃபியட் இன்ஜினில் ஹெட் அலுமினியம், வால்வு சீட் தனியாக அடித்தே வரும். அதனால் அந்தக் கவலை இல்லை. அதற்குப் பதில் சூடு. சித்திரை வெயிலில், அடைத்துப்போன ரேடியேட்டரோடு ஊருக்குள் ஊர்ந்தால் ஹெட் வளைந்துவிடும். வாங்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பத்மினிக்குச் சாமான் தந்துகொண்டிருந்த பெரிய ஊற்று மும்பை டாக்சிகள். 2023 அக்டோபரோடு அங்கே பத்மினி டாக்சி ஓட்டம் முடிந்துவிட்டது. கிரில், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, ஸ்டீயரிங்கை ஒட்டிய கியர் கம்பி போன்றவற்றுக்கு இப்போது சென்னைப் புதுப்பேட்டையில் அலைய வேண்டியிருக்கிறது. கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் ஒன்று கேளுங்கள்: போரிங் எந்த அளவில் நிற்கிறது? ஏற்கெனவே அறுபது ஓவர்சைஸ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு பெரிதாகிவிட்டதென்றால், அடுத்தது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ்தான், செலவு கூடும். தவிர, இன்றைய பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுத்து டேங்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். மூன்று வண்டிக்கும் இவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

ஹெரால்டு இன்ஜின் சாமான் இங்கே அநேகமாகக் கிடையாது. ஆனால் அதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். விலை, கப்பல் கூலி, சுங்க வரி என்று மூன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு முடிச்சு. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வந்ததே இல்லை. அந்தக் கதவும் பின்பக்கத் தகரமும் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது, இன்னொரு ஹெரால்டில்தான் கிடைக்கும். 70-களில் அதே கம்பெனி கொண்டுவந்த கெஸல் காருக்கும் இதே கதை.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன் சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற கீழ் மூட்டுக்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான். சர்வீஸுக்கு விட்டால் பையன்கள் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். உள்ளே காய்ந்து அரித்து ஒருநாள் உடைந்தால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட், டயர், வயரிங், குரோமியம் இவற்றில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹெரால்டின் 13 அங்குல டயர் மட்டும் இன்றைய சிறிய கார்களிலும் ஓடும் அளவு என்பதால் சுலபம். ஹெரால்டுக்குச் சுலபமாகக் கிடைக்கிற ஒரே பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் செய்வதால் உண்மையில் என்ன மிச்சமாகிறது? பிரிப்பது, கழுவுவது, சுரண்டுவது, வரிசையாகப் படம் எடுத்து டப்பாவில் போட்டு வைப்பது, திரும்பப் பூட்டுவது. கூலியில் பாதிக்கு மேல் இந்த வேலைகளுக்குத்தான் போகிறது, கை பழகாதவரும் செய்யலாம். லேத் வேலை, டிங்கரிங், பெயின்ட் மூன்றையும் வெளியே கொடுப்பதே நல்லது. முழுக்க ஒர்க்‌ஷாப்பில் விட்டால் என் கணக்கில் ஒன்றரை லட்சமாவது கூடுதலாகும். வீட்டில் செய்தால் கம்ப்ரஸர், ஸ்டாண்ட், செயின் பிளாக், ஸ்பானர் செட் என்று 40,000 போகும் என்பதையும் சேர்த்தே பாருங்கள். கொட்டகையிலேயே பெயின்ட் அடித்தே தீருவேன் என்பவர்கள் தை, மாசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆடிக்காற்றில் புழுதி வந்து ஒட்டும், ஐப்பசி ஈரத்தில் பழைய வகைப் பெயின்ட் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும், சித்திரையில் ஸ்ப்ரே கன்னிலிருந்து போய் ஒட்டுவதற்குள் பாதி காய்ந்துவிடும்.

அடுத்தது காகிதம். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இருபது வருஷத்துக்கு மேலான காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். அது இன்னும் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். பசுமை வரி, இன்சூரன்ஸ் தனி. ஆர்சி புத்தகம் பழைய கையெழுத்துப் பிரதியாக இருந்து கணினியில் ஏறாமல் இருந்தால் அதை ஏற்ற வேண்டும். உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழும் எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். ஒரு வாரிசு துபாயில் இருந்தால் அந்த வண்டிக்கு ஒரு வருஷம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

50 வருஷம் தாண்டி அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு உண்டு. நம்பரில் விஏ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும். ஹெரால்டு எல்லாமே இதற்குள் வரும். அம்பாசடரில் மார்க் 1, மார்க் 2 என்ற முதல் இரண்டு மாடல்களும் வரும். பத்மினி என்ற பெயரே 1974-ல் வந்தது என்பதால் முதல் சில வண்டிகள்தான் இப்போது தகுதி பெறுகின்றன. ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரியங்களுக்குத்தான் இந்தப் பதிவில் வண்டியை வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அழகர்கோவில் போகும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் விலையிலிருந்து டயர் வரை எல்லாம் கூட்டினால், அம்பாசடருக்கு நாலரை லட்சம் என்று ஆரம்பித்து ஐந்தில் முடியும். பத்மினிக்கு மூன்றே முக்கால் என்று ஆரம்பித்து அதே ஐந்தைத் தொடும். ஹெரால்டுக்கு எண் சொல்ல எனக்குத் துணிவில்லை. விற்றால் இந்தப் பணம் திரும்ப வராது, மூன்றிலுமே.

அதனால் முதல் காராக எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது அம்பாசடர். மார்க் 3 அல்லது மார்க் 4, பெட்ரோல், உள்ளூரில் நின்ற வண்டி. அதில் போட்ட கணக்கு கொஞ்சமாவது கணக்காகவே இருக்கும். பத்மினிதான் வேண்டும் என்று மனசு ஒட்டிக்கொண்டிருந்தால், நல்ல பெயின்ட் அடித்த வண்டியை விட்டுவிட்டுத் துரு வெளியே தெரிகிற வண்டியாகப் பாருங்கள், என்ன வாங்குகிறோம் என்றாவது தெரியும். ஹெரால்டு கிடைத்தால் இன்ஜினைப் பற்றிக் கேட்காதீர்கள். எல்லாக் கதவும், எல்லாக் கண்ணாடியும், அந்த ஒரே துண்டு பானெட்டும் முழுசாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் பேரமே வேண்டாம்.