அம்மாவின் மைலோ டின்னும் 220 வெள்ளிச் சவுரியும்

அம்மாவின் உதிர்ந்த முடியில் செய்து வாங்கிய சவுரியின் விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். 220 வெள்ளி (ரிங்கிட்). முடி நம்முடையது, கடைக்குக் கூலி மட்டும். கிள்ளான் தெங்கு கெலானா கடைத்தெருவில் 30 வெள்ளிக்கு நைலான் சவுரி கிடைக்கும்போது இது எதற்கு என்று தம்பி கேட்டான். அவன் கல்யாணத்துக்குத்தான் அம்மா சவுரி கேட்டார் என்பதே அவனுக்கு மறந்துபோச்சு.

கடை மலேசியாவில், சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தையில். 2007-ல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். பெர்ஜுந்தை என்றால் மலாயில் தொங்குவது என்று அர்த்தம், சவுரிக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும்! பழைய கடை வரிசையில் மேல்மாடி. கல்யாணப் பெண் அலங்காரம்தான் முக்கியத் தொழில், சவுரி ஓரமாக. குறை சொல்ல வேண்டியிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

அம்மாவின் முடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால்மரம் சீவிய காலத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே முடி. விடியற்காலையில் கொண்டை போட்டு, மேலே துண்டு கட்டி, அதற்கும் மேலே விளக்கு. அப்படியும் என்றைக்காவது ரப்பர் பால் பட்டு ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் தடவி உரித்துப் பார்ப்பார், வராவிட்டால் கத்தரிதான். தோட்டத்தில் செம்பனை போட்ட பிறகு சீவுகிற வேலை போனது, முடியும் மெல்லப் போனது. சீப்பில் வருவதைச் சுருட்டிப் பெரிய மைலோ டின் ஒன்றில் போட ஆரம்பித்தார். 12 வருடம். தோட்டத்து லயன் வீட்டில் இருந்தபோது பலகை இடுக்கில் செருகுவார்களாம், கீழே போட்டால் யாராவது எடுத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்று பயம். தலையை விட்டு இறங்கிய முடிக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததெல்லாம் அம்மாவிடம் செல்லாது.

நான் நுண்கலை படித்தவள், அதனால் அந்த டின்னைத் திறந்து பார்த்ததும் எனக்கு வேறு யோசனை. மோனா ஹாட்டூம் என்று பெய்ரூட்டில் பிறந்த பாலஸ்தீனக் கலைஞர் இருக்கிறார், தன் உதிர்ந்த முடியைப் பல வருடம் சேர்த்து உருண்டை உருண்டையாக உருட்டி 1995-ல் பெல்ஜியத்தில் ஒரு பழைய மடத்தின் தரையெல்லாம் விட்டார். அதே முடிதானே, அதே உருண்டைதானே, இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். “பைத்தியமா உனக்கு? கல்யாணத்துக்குக் கொண்டை போடணும்” என்றார். சரி என்று கடைக்குப் போனேன்.

வேலையை உட்கார்ந்து பார்க்க விட்டார்கள், அதற்கே பாதி காசு சரியாகப் போச்சு. உருண்டைகளை ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஆணி அடித்த பலகையில் இழுத்து இழுத்துச் சிக்கெடுத்து, நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள். கடைக்கார அக்கா ஒரு முடியை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் தேய்க்கச் சொன்னார். முடி தானாக நகர்ந்தது! எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் வேர். மீன் செதில் மாதிரி முடியின் மேலேயும் செதில் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். தலையில் வெட்டிய முடி என்றால் வேரெல்லாம் ஒரு பக்கம் இருக்கும். சீப்பில் வந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் செதிலோடு செதில் மாட்டிச் சிக்கு விழும். அதனால்தான் உதிர்ந்த முடியில் சவுரி செய்யப் பல கடைகள் ஒப்புக்கொள்வதில்லை.

சாயம் போடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அது நல்ல முடிவு. மூன்று வாரம் கழித்து வந்த சவுரியில் பழைய வருடத்து முடி கறுப்பாகவும் இடைப்பட்ட வருடத்து முடி சாம்பலாகவும் கடைசி வருடத்து முடி கிட்டத்தட்ட வெள்ளையாகவும், அம்மா வயதானது அப்படியே புரி புரியாகத் தெரிந்தது. கட்டு இறுக்கம், முனையில் நூல் சுற்றியது எல்லாம் அற்புதம்.

அப்புறம்தான் வில்லங்கம். வீட்டில் வெளிச்சத்தில் பார்த்தால் நடுப்புரியில் ஒரே சீரான கறுப்பு, நுனி மட்டும் லேசாகச் செம்பட்டை. அம்மாவுக்குச் செம்பட்டையே கிடையாது. அக்கா சொல்லிக்கொடுத்த வித்தையை அவருக்கே திருப்பினேன். மற்ற புரிகளில் முடி ஒன்று இந்தப் பக்கம் ஓடும், ஒன்று அந்தப் பக்கம் ஓடும். நடுப்புரியில் பத்து முடி எடுத்துத் தேய்த்தேன், பத்தும் ஒரே பக்கம். வெட்டிய முடி. வேறு யாருடையதோ.

அக்காவிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டேன், மறைக்கவில்லை. “உங்கம்மா முடி 70 கிராம்தான் தேறுச்சு தங்கச்சி, அது நிக்காது. ஒரு பிடி இந்தியா முடி சேர்த்தேன். எல்லாம் சாமிக்குக் கொடுத்த முடிதான், தோஷம் இல்லை” என்றார். இருக்கலாம். திருப்பதியில் இறக்கும் முடியைத் தேவஸ்தானமே ஏலம் விடுகிறது, நீள முடியெல்லாம் விக் செய்ய உலகமெங்கும் போகிறது. ஷீலா கவுடா என்ற பெங்களூர்க் கலைஞர் அப்படிக் காணிக்கை முடியில் திரித்த 4,000 மீட்டர் கயிற்றில் கார் பம்பர்களைத் தொங்கவிட்டு 2009-ல் வெனிஸில் காட்டினார். பெங்களூர்ப் பக்கம் திருஷ்டிக்கு வண்டி பம்பரில் முடிக்கயிறு கட்டுவார்கள், நாம் காடியில் எலுமிச்சை கட்டுவது மாதிரி. சீனாவில் பிறந்த வென்டா கு 1993-லிருந்து நாடு நாடாக முடிதிருத்தும் கடைகளில் கூட்டிய முடியை வாங்கி ஒட்டிப் பெரிய பெரிய திரைகள் செய்தார், பெயரே ‘ஐக்கிய நாடுகள்’. ஆக, கலப்பது குற்றமில்லை. ஆனால் அங்கே கலந்ததைச் சொல்லித்தான் கலக்கிறார்கள். எனக்கு இங்கே விற்றது அம்மாவின் முடி என்ற பேச்சு, 220 வெள்ளி அந்தப் பேச்சுக்கு. குறைகிறது என்று ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் மெலிசாகவே செய்யுங்கள் என்றிருப்பேன்.

அக்கா 40 வெள்ளி திருப்பித் தந்தார், கேட்காமலே. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குத் தயக்கம். கேட்டுவிட்டு, “எவளோ வேண்டுதலுக்கு இறக்குன முடி, எந்தலையில இருந்துட்டுப் போகட்டும்” என்றவர் உடனே நிமிர்ந்து, “அது கிடக்கட்டும், என் முடியில மிச்சம் எங்கடி?” என்றார். திரும்பவும் 20 நிமிடம் காடி ஓட்டினேன். குட்டை முடியையெல்லாம் வீசாமல் நாளிதழில் மடித்து அதே டின்னில் வைத்திருந்தார்கள். அதற்காகவே ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

கல்யாணத்தில் கொண்டை நன்றாக நின்றது, ஆறு மணி நேரம், மல்லிகையோடு. போகிறவர்கள் முன்கூட்டியே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கலப்பதென்றால் கேட்டுவிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். திங்கள் விடுமுறை. கீழே காடி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், காலையில் பசியாறிவிட்டுச் சீக்கிரம் போய்விடுங்கள்.