கோலாலம்பூர் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் எச்சரிக்கை

ராஜாஜி சாலையில் உள்ள ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சரக்குப் பட்டியலில் ஒரு பெட்டி குறைந்தாலும், எடையில் நான்கு கிலோ கூடினாலும் என் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட நானே, சொந்தக் குடும்பத்தின் கோலாலம்பூர் பயணத்துக்கான இரண்டு பக்கத் தாளைச் சரியாகப் படிக்காமல் தலைக்கு 45,000 ரூபாய் வீதம் நான்கு பேருக்குப் பணம் கட்டினேன். என் அம்மா, மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், நான் ஆகிய நால்வரும் 2025ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் மூன்று இரவு, நான்கு பகல் பயணமாகச் சென்று வந்தோம். வரியும் இதர கட்டணங்களும் சேர்ந்து மொத்தம் 2,06,450 ரூபாய் ஆயிற்று. ஏஜென்சி எங்கள் பகுதியிலேயே, டி.எச். ரோட்டை ஒட்டி இருக்கிறது. என் புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் கேட்டுப் பின்னூட்டம் இட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த 2,06,450 ரூபாயைப் பிரித்துக் காட்டுகிறேன், ஏனென்றால் நான் ஏமாந்ததில் பாதி விமானம் ஏறுவதற்கு முன்பே, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோதே நடந்துவிட்டது. பேக்கேஜ் விலை 1,80,000. ஜி.எஸ்.டி. 9,000. வெளிநாட்டுப் பயணத்துக்கான டி.சி.எஸ். வரி என்று 9,450. 'விசா உதவிக் கட்டணம்' தலைக்கு 1,500 வீதம் 6,000. 'வருகை அட்டைப் பதிவுக் கட்டணம்' தலைக்கு 500 வீதம் 2,000. கடைசி இரண்டையும் நான் கேள்வி கேட்காமல் கொடுத்தேன். 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்தே இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போய்வரலாம் என்பதும், நாங்கள் போன சமயத்திலும் அந்தச் சலுகை நடப்பில் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நாமே இலவசமாக நிரப்பலாம்; போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். எங்கள் நால்வருக்கும் அதை நிரப்ப என் மகளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சிங்கப்பூரின் வருகை அட்டையும், 2025 மே முதல் தாய்லாந்து கேட்கும் அட்டையும் இதே போல இலவசம்தான் என்பதால், அந்த ஊர்களுக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்கலாம்.

டி.சி.எஸ். பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்கிறவர் வாங்குபவரிடம் இந்த வரியைப் பிடித்து, வாங்குபவரின் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். அப்போது விகிதம் 5 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இது மாறுவது உண்டு என்பதால் நீங்கள் கட்டும் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய தொகை, நம் பெயரில் கட்டப்பட்ட வரிகளை வருமான வரித் துறை காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்துவிடும், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். என்னிடம் பான் அட்டையின் நகலை வாங்கினார்கள், பணத்தையும் வாங்கினார்கள். நவம்பர் முடிந்து டிசம்பரில் பார்த்தபோது என் 26ஏஎஸ் படிவத்தில் அந்த 9,450 ரூபாய் இல்லை. அதற்குள் நான் எடுத்துப் பார்த்த பற்றுச்சீட்டு கையால் எழுதியது, அதில் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. போதாக்குறைக்கு, நான் யு.பி.ஐ. வழியாக அனுப்பிய பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருந்தது. அலுவலகத்தில் இப்படி ஒரு சீட்டை யாராவது நீட்டினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

கோலாலம்பூரில் இறங்கிய பிறகு நடந்தவற்றில் முதலாவது விடுதி. தாளில் 'நகர மையத்துக்கு அருகில், மூன்று நட்சத்திரம் அல்லது அதற்கு இணையானது' என்று இருந்தது. விடுதியின் பெயர் புறப்படுவதற்கு முதல் நாள் இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது. அது நகர மையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழ் இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து போய் ஒரு தேநீர் குடிக்கக்கூட வழியில்லை. வரவேற்பு மேசையில் சுற்றுலா வரி என்று 60 ரிங்கிட் கேட்டார்கள். இது விடுதியின் தவறு இல்லை. வெளிநாட்டவர் தங்கும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் என்பது மலேசிய அரசின் வரி, இரண்டு அறை, மூன்று இரவு, கணக்கு சரிதான். ஆனால் 'எல்லா வரிகளும் உட்பட' என்று தாளில் எழுதியவர்கள் அதைச் சொல்லாமல் விட்டார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. என் மகள் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் 41ஆம் மாடியில் இருக்கும் இணைப்புப் பாலத்தில் நடக்கலாம் என்பதற்காகத்தான். வேன் கோபுரத்துக்கு எதிரே நின்றது. எங்களுக்கு வந்த வழிகாட்டி ஈப்போ பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர்தான். "சார், இன்னைக்குத் திங்கக்கிழமை, மேல போக விட மாட்டாங்க. இங்க நின்னு போட்டோ எடுத்துக்கலாம், இருபது நிமிஷம்" என்றார். பார்வையாளர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது அந்தக் கோபுரத்தின் நிரந்தர ஏற்பாடு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. நான் அங்கிருந்தே வண்ணாரப்பேட்டைக்குப் போன் செய்தேன். "சார், பேப்பர நல்லாப் பாருங்க, போட்டோ ஸ்டாப்னுதானே போட்டிருக்கோம்" என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தேன். 'இரட்டைக் கோபுரம்' என்பது தடித்த எழுத்தில் இருந்தது. அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், சோற்றில் கிடக்கும் கல்லைப் போல 'போட்டோ ஸ்டாப்' என்ற இரண்டு சொற்கள் இருந்தன. உள்ளே போகிற நாளாக இருந்தாலும் எங்களிடம் சீட்டு இருந்திருக்காது. திங்கட்கிழமை என்பது அவர்களுக்கு வசதியான ஒரு சாக்கு.

அதே தாளில் பத்துமலைக்கு எதிரே 'நுழைவுக் கட்டணம் உட்பட' என்று போட்டிருந்தார்கள். பத்துமலை முருகன் கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2006இல் திறக்கப்பட்ட, 140 அடி உயர முருகன் சிலைக்குப் பக்கத்தில் 272 படிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் ஏறலாம். வளாகத்துக்குள் ஒன்றிரண்டு சிறு குகைகளுக்குத் தனிச் சீட்டு உண்டு, ஆனால் எங்களை அங்கே அழைத்துப் போகவில்லை. ஆக, காசு கொடுத்தால்தான் உள்ளே விடும் இடத்தை வெளியே நிறுத்திக் காட்டிவிட்டு, காசே வாங்காத இடத்துக்குக் கட்டணம் சேர்த்திருக்கிறார்கள். இந்த ஒரு தந்திரத்தைப் புரிந்துகொண்டால் பேக்கேஜ் தாளின் மற்ற வரிகளும் தானாகவே விளங்கத் தொடங்கும் என்பது என் அனுபவம். படியேற எங்களுக்குக் கொடுத்த நேரம் நாற்பது நிமிடம். மூட்டுவலிக்கார அம்மா கீழேயே உட்கார்ந்து, சிலையின் பாதத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

அந்த நாற்பது நிமிடத்தின் மிச்சம் எங்கே போனது என்பது அடுத்த நிறுத்தத்தில் தெரிந்தது. ஒரு சாக்லெட் கடை. வேனிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவர் சட்டையிலும் எண் அச்சிட்ட ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். எந்த வழிகாட்டி அழைத்து வந்த ஆள் எவ்வளவு வாங்கினார் என்று கணக்குப் பார்த்துக் கமிஷன் கொடுப்பதற்காக என்று பிறகு தெரிந்தது. பின்கதவு வழியாகத்தான் வெளியே போக முடியும், அதற்கு முழுக் கடையையும் சுற்றி வர வேண்டும். அங்கே 48 ரிங்கிட்டுக்கு மனைவி வாங்கிய அதே சாக்லெட் பொட்டலம், அன்று மாலை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 27 ரிங்கிட்டுக்கு இருந்தது. எம்.சி. ரோட்டில் ஒரு சேலைக்கு முக்கால் மணி நேரம் பேரம் பேசுகிறவர் அவர். விலை ஒட்டிய கடை, பேரம் இல்லை என்று எழுதியிருந்ததை நம்பி வாய் திறக்காமல் வாங்கிவிட்டதாக இன்று வரை வருந்துகிறார். அதன் பிறகு இன்னும் இரண்டு கடைகள், ஒன்று மெத்தைக் கடை. விமானத்தில் வந்தவர்கள் மெத்தை வாங்கி எப்படி எடுத்துப் போவோம் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் தயங்கிவிட்டு, "உங்க ஊரு ஏஜென்ட் இங்க குடுக்குற காசு வேன் வாடகைக்கே பத்தாது சார், எங்க சம்பளம் கடையிலதான் வருது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நாங்கள் போனது புரட்டாசி மாதம், அம்மா விரதம். பணம் கட்டும்போதே மூன்று இரவும் அவருக்குச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லி, தாளிலும் எழுதி வாங்கியிருந்தேன். இரண்டாம் இரவு, ஆறு மணிக்கே, சுற்றுலா வேன்கள் மட்டும் வந்து நிற்கும் ஒரு பெரிய கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். 'வெஜிடபிள்' என்று அட்டை வைத்திருந்த பாத்திரத்திலிருந்து வறுத்த சோற்றைப் பரிமாறிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். அம்மா மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். தட்டை முகத்துக்கு அருகே கொண்டுபோனவர், ஒரு வாய்கூட எடுக்காமல், "இதுல நெத்திலிக் கருவாடு இருக்குதுடா" என்று கீழே வைத்துவிட்டார். கிளறிப் பார்த்தேன், கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் நடுவே அரை விரல் நீளத்துக்கு மூன்று நெத்திலிகள் கிடந்தன. பரிமாறிய பையனைக் கேட்டால், கறியோ கோழியோ போடவில்லையே என்று உண்மையாகவே வியந்தான். மலாய்ச் சமையலில் சம்பலில் இறால் விழுதும் பல உணவுகளில் நெத்திலியும் வழக்கமான சேர்மானங்கள், ஆகவே 'காய்கறி' என்ற சொல்லை நம்பாமல் கருவாடு, இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அன்று இரவு அம்மா சாப்பிட்டது வீட்டிலிருந்து கொண்டு போன முறுக்கும் இரண்டு வாழைப்பழங்களும்.

கெந்திங் மலைப் பயணம் மட்டும் சொன்னபடி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசி நாள் காலையில் மீண்டும் ஏதோ ஒரு கடைக்கு வேன் வரும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செயலியில் கூப்பிடும் கிராப் வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து ரயில் நிலையம் போய், பாசார் செனி நிலையத்தில் இறங்கினோம். அம்மா கேட்டது ஒரே ஓர் இடம், ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். தம்புசாமி பிள்ளை குடும்பத்தார் 1873இல் எழுப்பிய கோயில் அது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதம் புறப்படுவதும் அங்கிருந்துதான். எங்கள் தாளில் அதன் பெயரே இல்லை, ஏனென்றால் அங்கே யாருக்கும் கமிஷன் இல்லை. நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான், மூட்டுவலியோடு அம்மாவே நடந்துவிட்டார். பெட்டாலிங் தெருவும் சென்ட்ரல் மார்க்கெட்டும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. அங்கே விலை கேட்டதும் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பர்மா பஜாரில் பழகியவர்களுக்குப் பெட்டாலிங் தெரு அந்நிய மண் இல்லை. பிறகு ஒரே ஒரு நிலையம் தள்ளிக் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பக்கத்திலேயே உள்ள பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அம்மா இரண்டாவது முறை ரசம் கேட்டு வாங்கினார். அரை நாளில் கோயில், கடைத்தெரு, சாப்பாடு என்று நாங்கள் போன இடங்கள் எதுவும் அந்த 1,80,000 ரூபாய்க்குள் வரவில்லை.

ஊர் திரும்பியதும் முதலில் நேரில் போனேன். ஆளுக்கு 1,000 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன், அடுத்த பயணத்துக்குப் பயன்படுத்தலாம் என்றார்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்தேன், பதில் வரவில்லை. இப்போது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். பயணத் தாள், யு.பி.ஐ. ரசீது, கைப் பற்றுச்சீட்டு, 26ஏஎஸ் நகல், விடுதியின் சுற்றுலா வரி ரசீது, நெத்திலியோடு கிடக்கும் தட்டின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். சட்டையில் ஒட்டிய 114 எண் ஸ்டிக்கரைக்கூடத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், அதையும் ஒரு தாளில் ஒட்டிக் கொடுத்தேன்.

நேற்று மாலை மெட்ரோவிலிருந்து இறங்கி வரும்போது அதே ஏஜென்சியின் புதிய தட்டியைப் பார்த்தேன். இம்முறை சிங்கப்பூர், மூன்று இரவுகள். கீழே கொட்டை எழுத்தில் 'மெர்லியன் சிலை நுழைவுக் கட்டணம் உட்பட' என்று இருக்கிறது. மெர்லியன் பூங்கா ஆற்றோரத்தில் திறந்த வெளியில் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் கிடையாது, கதவும் கிடையாது.